இரண்டு மெய்நிகர் இயந்திரங்களுக்கு நடுவே ஒரு ரிங் பஃபர்: தொடக்க நிலையினருக்கு

பணகுடி, வள்ளியூர், காவல்கிணறு வட்டாரத்தில் வைகாசி பிறந்தால் காற்று பிடித்துவிடும். புரட்டாசி வரை லேசில் விடாது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் அந்தத் தென்மேற்குக் காற்றை நம்பித்தான் சாலையின் இரு பக்கமும் காற்றாலைகள் நிற்கின்றன. அவற்றில் நூறு காற்றாலைகளைக் கவனிக்கும் கட்டுப்பாட்டு அறை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அறையில் ஒரே ஒரு சர்வர். அதற்குள் இரண்டு மெய்நிகர் இயந்திரங்கள், அதாவது ஒரே வன்பொருளில் தனித்தனிக் கணினிகள் போல ஓடும் இரண்டு மென்பொருள் கணினிகள்.

முதலாவது, காற்றாலைகளோடு நேரடியாகப் பேசுகிறது. காற்றின் வேகம், உற்பத்தியாகும் மின்சாரம் ஆகியவற்றை ஒவ்வொரு காற்றாலையிடமிருந்தும் நொடிக்கு ஒரு முறை வாங்குகிறது. இதற்குக் ‘களம்’ என்று பெயர் வைப்போம். இரண்டாவது, இணையத்தைப் பார்த்து நிற்கிறது. 15 நிமிடத்துக்கு ஒன்றாக, நாளொன்றுக்கு 96 துண்டுகளாகப் பிரித்து, உற்பத்திக் கணக்கை, மின்தொடரின் தேவையையும் உற்பத்தியையும் சமன் செய்யும் சுமை பகிர்வு மையத்துக்கு அனுப்புகிறது. இது ‘வாசல்’. இரண்டையும் ஒரே இயந்திரமாக வைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். வாசலுக்குள் எவனாவது புகுந்துவிட்டாலும் அவன் கை காற்றாலையின் இறக்கை வரை நீளக் கூடாது. அதற்காகத்தான் இந்தப் பிரிவினை. பிரித்து வைத்துக் காவல் பார்ப்பது ஹைப்பர்வைசர் என்ற அடித்தள மென்பொருளின் வேலை.

பிரித்தாயிற்று. ஆனால் களத்தின் அளவீடுகள் வாசலுக்குப் போய்ச் சேர வேண்டுமே?

எளிய வழி, இரண்டுக்கும் இடையே ஒரு மெய்நிகர் நெட்வொர்க் போட்டுவிடுவது. நொடிக்கு நூறு அளவீடுதான் என்றால் அதுவே போதும் என்பது என் கருத்து. தேவையில்லாமல் தலையைக் கொடுக்க வேண்டாம். ஆனால் கியர்பெட்டியின் அதிர்வையும் பதிவு செய்யத் தொடங்கினால், ஒரு காற்றாலைக்கே நொடிக்கு ஆயிரக்கணக்கில் எண்கள் வந்து கொட்டும். ஒவ்வொன்றும் பாக்கெட்டாகக் கட்டப்பட்டு, இரண்டு இயங்குதளங்களின் நெட்வொர்க் அடுக்குகளைத் தாண்டி, பல முறை நகலெடுக்கப்பட்டுப் போய்ச் சேர்வதற்குள் சர்வர் மூச்சுத் திணறிவிடும். இன்னொன்று: அந்த மெய்நிகர் நெட்வொர்க் கார்டின் அடியிலும் பெரும்பாலும் ஒரு ரிங் பஃபர்தான், அதாவது இருவர் பகிரும் நினைவகத்தில் அமைந்த வளைய வரிசைதான், ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே எந்த வழியில் போனாலும் இதைத் தெரிந்துகொள்வது வீண் போகாது.

இன்னொரு வழி, சர்வரின் நினைவகத்தில் ஒரு பகுதியை இரண்டு இயந்திரங்களும் பகிர்ந்துகொள்வது. இந்தப் பகிர்ந்த நினைவகத்தில் மாயம் ஒன்றும் இல்லை. சர்வரின் நினைவகம் பொதுவாக 4096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. எந்தப் பக்கம் எந்த மெய்நிகர் இயந்திரத்துக்கு என்ற அட்டவணை ஹைப்பர்வைசரின் கையில் இருக்கிறது. வழக்கமாக ஒரு பக்கம் ஒருவருக்கே சொந்தம். சில பக்கங்களை மட்டும் இருவர் அட்டவணையிலும் சேர்த்துவிட்டால், களம் எழுதியதை வாசல் அதே இடத்தில் படித்துக்கொள்ளலாம். ஸென் ஹைப்பர்வைசரில், ஓர் இயந்திரம் தன் பக்கத்தைக் குறிப்பிட்ட இன்னோர் இயந்திரத்துக்கு மட்டும் ‘கிராண்ட்’ என்ற அனுமதி கொடுத்துத் திறந்துவிடுகிறது. மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் இன்னொரு மென்பொருளான க்யூஎமுவில், ஐவிஷ்மெம் என்ற சாதனம் அந்த வேலையைச் செய்கிறது; கணினியில் செருகும் பிசிஐ அட்டை போலத் தெரியும், ஆனால் மென்பொருளால் ஆனது.

ஒன்றை இங்கேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கம் ஒன்றே ஆனாலும் அதன் முகவரி களத்தில் ஒன்றாகவும் வாசலில் வேறொன்றாகவும் இருக்கும். ஆகையால் பகிர்ந்த பக்கத்தில் பாயிண்டரை, அதாவது நினைவக முகவரியை, எழுதி வைக்கக் கூடாது. ‘பக்கத்தின் தொடக்கத்திலிருந்து இத்தனையாவது பைட்’ என்றோ ‘இத்தனையாவது அறை’ என்றோதான் குறிக்க வேண்டும்.

அறைகளும் இரண்டு எண்களும்

ரிங் பஃபர் என்பது ஒரே அளவுள்ள அறைகளின் வரிசை. கடைசி அறை முடிந்ததும் அடுத்தது மறுபடி முதல் அறை; அதனால் இது ஒரு வளையம். ஒரு காற்றாலையின் ஒரு நொடி அளவீட்டுக்கு 64 பைட் ஒதுக்கினால் தாராளம். ஒரு பக்கத்தில் சரியாக 64 அறைகள் கிடைக்கும். களம் வரிசையாக எழுதிக்கொண்டே போகிறது. வாசல் பின்னாலேயே படித்துக்கொண்டு வருகிறது.

யார் எதுவரை வந்திருக்கிறார்கள் என்பதை எப்படிச் சொல்வது? இங்கேதான் புதிதாக எழுதுபவர்கள் வழுக்குகிறார்கள். ‘நிரம்பிய அறைகள்’ என்று ஒரே ஓர் எண்ணைப் பொதுவில் வைத்து, களம் எழுதினால் ஒன்று கூட்டுவது, வாசல் படித்தால் ஒன்று கழிப்பது என்று தொடங்குவார்கள். எண் 5ஆக இருக்கும்போது இருவரும் ஒரே கணத்தில் அதைப் படிக்கிறார்கள். களம் ஒன்று கூட்டி 6 என்று எழுதுகிறது. வாசல் ஒன்று கழித்து 4 என்று எழுதுகிறது. கடைசியில் எழுதியவர் சொன்னதே நிற்கும். உண்மையான விடையோ 5. ஓர் அளவீடு தொலைந்துபோகும், அல்லது ஒரே அளவீடு இரு முறை எண்ணப்படும்.

ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தொடும்படி பூட்டுப் போட்டுவிடலாமே என்பார்கள். ஒரே நிரலுக்குள் என்றால் சரி. இங்கே களம் பூட்டைப் பிடித்திருக்கும் கணத்தில் ஹைப்பர்வைசர் களத்தை ஓரமாக நிறுத்திவிட்டு வேறு இயந்திரத்தை ஓடவிடலாம். அதுவரை வாசல் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதைவிட மோசம், கைப்பற்றப்பட்ட ஒரு வாசல் பூட்டை எடுத்துவிட்டுத் திருப்பித் தராமலே இருந்துவிடலாம்.

ஆகவே இரண்டு எண்கள். எழுத்து எண்ணைக் களம் மட்டும் மாற்றும், வாசல் பார்க்க மட்டும் செய்யும். வாசிப்பு எண்ணை வாசல் மட்டும் மாற்றும், களம் பார்க்க மட்டும் செய்யும். எந்த இடத்துக்கும் எழுதுபவர் ஒருவரே. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டு தேவைப்படாததும் இதனால்தான்; எதிர்த் தரப்பின் சேட்டைக்கு எல்லை போட முடிவதும் இதனால்தான்.

அந்த எண்கள் 63 வந்ததும் 0க்குத் திரும்ப வேண்டியதில்லை. ஏறிக்கொண்டே போகட்டும். வீட்டு ஈபி மீட்டரை நினைத்துப் பாருங்கள். பழைய ஐந்திலக்கச் சக்கர மீட்டரில் போன முறை 99,950. இரண்டு மாதம் கழித்து வந்து பார்த்தால் 00,030. கணக்கெடுப்பவர் பதறுவதில்லை. 80 யூனிட் என்று அட்டையில் எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார். மீட்டர் சுழன்று பூஜ்யத்துக்கு வந்தாலும் வித்தியாசம் கெடுவதில்லை. குறியில்லாத, அதாவது எதிர்ம மதிப்பே இல்லாமல் உச்சத்தைத் தாண்டினால் 0க்குத் திரும்பும், 32-பிட் எண்களின் கழித்தலும் அப்படியே. எழுத்து எண்ணிலிருந்து வாசிப்பு எண்ணைக் கழித்தால் படிக்கப்படாமல் கிடக்கும் அளவீடுகளின் எண்ணிக்கை வந்துவிடும். 0 என்றால் காலி. 64 என்றால் நிரம்பிவிட்டது. எண்களை 0 முதல் 63 வரைக்குள் சுற்றவிட்டால், காலியானாலும் நிரம்பினாலும் இரண்டு எண்களும் ஒன்றாகவே தெரியும். அதைத் தவிர்க்க ஓர் அறையைச் சும்மா போட்டு வைக்க வேண்டி வரும்.

எந்த அறை என்பதற்கு, எண்ணை 64ஆல் வகுத்த மீதி. இங்கே ஒரு நிபந்தனை: அறைகளின் எண்ணிக்கை 2, 4, 8, 16 என்று இரண்டின் அடுக்காக இருக்க வேண்டும். நூறு காற்றாலைதானே என்று நூறு அறை வைத்தால் என்ன ஆகும்? 32-பிட்டின் உச்ச எண் 4,294,967,295. நூறால் வகுத்தால் மீதி 95. அடுத்த எண் 0, மீதியும் 0. அதாவது 95ஆம் அறைக்கு அடுத்து 96க்குப் போகாமல் 0க்குத் தாவிவிடுவோம். வளையம் கிட்டத்தட்ட நிரம்பியிருந்தால், இன்னும் படிக்காத அளவீட்டின் மேலேயே புதியது போய் உட்காரும். நொடிக்கு நூறு அளவீடு என்றால் இந்த எண் சுழல ஏறத்தாழ 497 நாள் ஆகும். அந்த நாளில் அறையில் யார் வேலை பார்ப்பார்களோ, அவர்கள் பாவம். 64 அறை என்றால் உச்ச எண்ணின் மீதி 63, அடுத்தது 0, தாவல் இல்லை.

எண்களை அறைகள் இருக்கும் பக்கத்திலேயே வைத்தால் 64 அறைக்கு இடம் போதாது. 32க்கு இறங்க வேண்டியிருக்கும். ஸென்னின் வட்டு வளையம் இதற்கு நல்ல சாட்சி. 64-பிட் கணினியில் ஒரு கோரிக்கைக்கு 112 பைட்; தலைப்புக்கு 64 பைட் போக, 36 கோரிக்கைகளுக்கு இடம் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பக்கத்தில் இருப்பது 32 மட்டுமே. எண்களுக்குத் தனிப் பக்கம் கொடுத்துவிடுவது நல்லது. கொடுக்கும்போது களத்தின் எண்ணுக்கு ஒரு பக்கம், வாசலின் எண்ணுக்கு வேறு பக்கம் என்று கொடுத்து, அடுத்தவர் பக்கம் வாசிக்க மட்டுமே திறந்திருக்கும்படி ஹைப்பர்வைசரிடம் சொல்லிவிட்டால் ‘எழுதுபவர் ஒருவரே’ என்ற விதிக்கு வன்பொருளே காவல். ஸென்னின் கிராண்டில் இந்த வசதி இருக்கிறது. வேகத்துக்கும் இது உதவும்: இன்டெல், ஏஎம்டி செயலிகளில், செயலிக்குள்ளேயே இருக்கும் வேகமான கேஷ் நினைவகத்துக்குத் தரவு 64 பைட் துண்டுகளாக நகர்கிறது, இரண்டு எண்களும் ஒரே துண்டில் இருந்தால் செயலியின் இரண்டு கோர்களும் (தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகள்) அதை மாறி மாறிப் பிடுங்கிக்கொண்டே இருக்கும்.

முதலில் அறை, பிறகு எண்

களம் அளவீட்டை அறையில் எழுதி முடித்த பிறகுதான் எழுத்து எண்ணை உயர்த்த வேண்டும். எண் உயர்ந்ததைப் பார்த்ததும் வாசல் அறையைத் திறந்துவிடும். உள்ளே அப்போது சரக்கு இருந்தாக வேண்டும். நிரலில் அந்த வரிசையில்தான் எழுதுவீர்கள். ஆனால் வரிசையை மாற்றும் உரிமை, நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலருக்கும் உண்டு, செயலிக்கும் உண்டு. இன்டெல், ஏஎம்டி செயலிகளில் ஒரு கோர் எழுதிய வரிசையிலேயே மற்றக் கோர்களுக்குத் தெரியும். ஏஆர்எம் செயலியில் அந்த உத்தரவாதம் கிடையாது. கல்லூரி ஆய்வகத்து மேசைக் கணினியில் ஒழுங்காக ஓடியது, காற்றாலை அடியில் வைத்த சிறிய ஏஆர்எம் பலகையில் எப்போதாவது ஒரு முறை பழைய அளவீட்டைக் காட்டுகிறதென்றால், முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. சி மொழியின் 2011 தரத்தில் இதற்கென்றே, பல கோர்கள் பாதுகாப்பாகப் பகிரக்கூடிய அணு மாறிகள் (‘அட்டாமிக்’) வந்தன: எண்ணை எழுதுபவர், முந்தைய எழுத்துகள் பின்னுக்குப் போகாத ‘ரிலீஸ்’ முறையில் எழுத வேண்டும், படிப்பவர், பிந்தைய படிப்புகள் முந்திக்கொள்ளாத ‘அக்வயர்’ முறையில் படிக்க வேண்டும். மாறிக்கு சி மொழியின் ‘வாலடைல்’ என்ற அடைமொழியைப் போட்டுவிட்டால் போதும் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், நம்ப வேண்டாம்.

வாசலுக்கும் இதே ஒழுங்கு. அறையிலிருந்து முழுவதையும் எடுத்துக்கொண்ட பிறகே வாசிப்பு எண்ணை உயர்த்த வேண்டும். முந்திக்கொண்டால், படித்துக்கொண்டிருக்கும்போதே களம் அதே அறையில் புதியதை எழுதத் தொடங்கிவிடும்.

மணி அடிப்பது யார், எப்போது?

வளையம் காலியாக இருக்கும்போது வாசல் என்ன செய்யும்? எண்ணையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம்; ஒரு கோர் முழுக்க அதற்கே போய்விடும். அல்லது தூங்கலாம், களம் எழுப்பட்டும். எழுப்புவதற்கு ஸென்னில் ஈவென்ட் சேனல் இருக்கிறது, ஐவிஷ்மெமில் ‘டோர்பெல்’ என்ற அழைப்பு மணி இருக்கிறது. பெரும்பாலும் இந்த மணியை அடிப்பதென்றால் கட்டுப்பாடு ஹைப்பர்வைசருக்குப் போய்த் திரும்ப வேண்டும். அதற்கு ஆயிரக்கணக்கான செயலிச் சுழற்சிகள் செலவாகலாம். 64 பைட் எழுதுவதற்கு ஆகும் செலவு இதன் பக்கத்தில்கூட வராது. ஒவ்வோர் அளவீட்டுக்கும் மணி அடித்தால் பகிர்ந்த நினைவகத்தால் வந்த லாபம் முழுவதும் மணியிலேயே போய்விடும்.

அதனால் வாசல் தூங்கப் போகும்போது மட்டும் ‘தூங்குகிறேன்’ என்று ஒரு குறியை வைத்துவிட்டுப் போகும். களம் எழுதி முடித்ததும் குறியைப் பார்க்கும். குறி இருந்தால் மட்டும் மணி அடிக்கும். கேட்க எளிதாக இருக்கிறது. இதில்தான் மிக நுட்பமான பிழை ஒளிந்திருக்கிறது. மெதுவாகப் பார்ப்போம்.

வாசல் எண்ணைப் பார்க்கிறது: காலி. அடுத்த கணத்தில் களம் ஓர் அளவீட்டை எழுதி, எண்ணை உயர்த்தி, குறியைப் பார்க்கிறது; குறி இல்லை, மணி தேவையில்லை என்று நகர்ந்துவிடுகிறது. அதற்கு அடுத்த கணத்தில் வாசல் குறியை வைத்துவிட்டுத் தூங்குகிறது. வளையத்தில் அளவீடு கிடக்கிறது, எழுப்ப ஆளில்லை. ஆகவே வாசல் குறியை வைத்த பிறகு எண்ணை இன்னொரு முறை பார்த்துவிட்டே தூங்க வேண்டும்.

அதோடு முடிந்ததா? இல்லை. ஒழுங்கானது என்று மேலே பாராட்டிய இன்டெல் செயலியும் இங்கே காலை வாரிவிடும். ஒன்றை எழுதிவிட்டு வேறொன்றைப் படித்தால், எழுதியது கோரின் உள்ளேயே சற்று தங்கி நிற்க, படிப்பு முந்திக்கொள்ள அங்கே அனுமதி உண்டு. களம் எண்ணை எழுதிவிட்டுக் குறியைப் படிக்கிறது. வாசல் குறியை எழுதிவிட்டு எண்ணைப் படிக்கிறது. இரண்டு படிப்பும் முந்திக்கொண்டால் இருவருமே பழையதைப் பார்ப்பார்கள். மறுபடியும் வாசல் தூங்கும், களம் மணி அடிக்காது. இரு தரப்பிலும் எழுத்துக்கும் படிப்புக்கும் நடுவே, எதையும் முந்தவிடாத முழுத் தடுப்புக் கட்டளை ஒன்றை வைத்தே ஆக வேண்டும். ரிலீஸ், அக்வயர் இரண்டும் இதற்குப் போதாது. இந்தப் பிழை ஆய்வகத்தில் எளிதில் கண்ணில் படாது. நொடிக்கு நூறு முறை அளவீடு வரும்போது அடுத்த அளவீட்டுக்கான மணி வாசலை எழுப்பிவிடும், யாருக்கும் தெரியாது. அளவீடு வருவது நின்று எல்லாம் ஓய்ந்திருக்கும் நேரத்தில், கடைசியாக வந்த ஒரு செய்தி மட்டும் வளையத்தில் கிடந்துவிடும்.

குறிக்குப் பதிலாக ‘எழுத்து எண் இதைத் தாண்டும்போது எழுப்பு’ என்று ஓர் எண்ணை வைப்பதும் உண்டு. 2003இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஸென் கட்டுரையிலேயே, அறிவிப்புகளைச் சேர்த்துவைத்து ஒன்றாக அனுப்பும் எண்ணம் இருக்கிறது. 2008இல் ரஸ்டி ரஸ்ஸல் முன்வைத்த, மெய்நிகர் இயந்திரங்களின் சாதனங்களுக்கான பொது வடிவமான விர்ட்டியோவும் பின்னாளில் எண் வழி எழுப்பும் வசதியைச் சேர்த்துக்கொண்டது. விர்ட்டியோவின் முதல் வடிவம் நம் விதிக்கு அழகான உதாரணமும்கூட: விருந்தினர் இயந்திரம், அதாவது மெய்நிகர் இயந்திரம், மட்டும் எழுதும் வளையம் ஒன்று, சாதனத் தரப்பு மட்டும் எழுதும் வளையம் மற்றொன்று. பிறகு வந்த 1.1 பதிப்பில், கேஷ் நினைவகத்துக்குத் தோதாக, எல்லாவற்றையும் ஒரே வளையமாக அடைத்து, அறைகளில் இரு தரப்பும் முறை வைத்து எழுதும் வடிவத்தையும் கொண்டுவந்தார்கள். வேகம் கிடைக்கிறது, புரிந்துகொள்வது கடினம். முதல் வளையத்தை எழுதுபவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எதிர்த் தரப்பை நம்பாதீர்கள்

இதுவரை இரு தரப்பும் யோக்கியர்கள் என்று வைத்துப் பேசினோம். ஆனால் வாசலை நம்பாமல்தானே பிரித்து வைத்தோம்? வளையத்தை வடிவமைக்கும்போது அது மறந்துபோகிறது.

வாசிப்பு எண்ணில் வாசல் குப்பையை எழுதி வைத்தால், களத்தின் கழித்தலுக்கு 64ஐவிடப் பெரிய விடை வரும். ஒவ்வொரு முறையும் அதைச் சோதித்து, மீறினால் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். தன் எழுத்து எண்ணைக் களம் பகிர்ந்த பக்கத்திலிருந்து திரும்பப் படிக்கவும் கூடாது. சொந்த நினைவகத்தில் ஒரு நகல் வைத்துக்கொண்டு, பகிர்ந்த பக்கத்தில் அதை அறிவிக்க மட்டும் வேண்டும்.

பெரிய ஆபத்து எதிர்த் திசையில் இருக்கிறது. மின்தொடரில் தேவை குறைந்தால் உற்பத்தியைக் குறைக்கச் சொல்லி உத்தரவு வரும். அதை வாசலிலிருந்து களத்துக்குக் கொண்டுபோக இரண்டாவது வளையம் ஒன்று வேண்டும். உத்தரவில் காற்றாலையின் எண் இருக்கிறது. களம் அதைப் படித்து, ‘100க்குள் இருக்கிறதா?’ என்று சோதிக்கிறது: 37, சரி. பிறகு அந்த எண்ணைக் கொண்டு தன் பட்டியலில் 37ஆவது காற்றாலையைத் தேடப் பகிர்ந்த அறையை மறுபடி படிக்கிறது. இரண்டு படிப்புக்கும் இடைப்பட்ட நேரத்தில் வாசலின் இன்னொரு கோர் 37ஐ 4000 என்று மாற்றிவிட்டால்? சோதனை 37க்கு நடந்தது, வேலை 4000க்கு நடக்கிறது. பட்டியலுக்கு வெளியே எங்கோ ஓரிடத்தில் களம் கை வைக்கிறது.

நான் ஒரு முறைதான் படித்தேன் என்று நீங்கள் சாதிக்கலாம். கம்பைலர் அதை இரண்டு முறையாக மாற்றியிருக்கலாம். 2015 டிசம்பரில் ஸென் திட்டம் வெளியிட்ட 155ஆம் பாதுகாப்பு அறிவிப்பு இதைப் பற்றியதுதான்: பகிர்ந்த நினைவகத்தை ஒரு முறை படிப்பதாக எழுதிய இடத்தில் கம்பைலர் இரு முறை படிக்கும் கட்டளைகளை உண்டாக்க முடியும் என்று தெரியவந்து, டிரைவர்களைத் திருத்த வேண்டியதாயிற்று. வழி ஒன்றே. அறை முழுவதையும் சொந்த நினைவகத்துக்கு ஒரே ஒரு முறை நகலெடுத்து, அதைக் கம்பைலர் குலைக்காதபடி தடுப்பு வைத்து, நகலைச் சோதித்து, நகலையே பயன்படுத்த வேண்டும். நகலே இல்லாத வேகம் என்று பெருமையாகச் சொல்வார்கள். நம்பாத இருவருக்கு நடுவே ஒரு நகல் அவசியம். 64 பைட்டை நகலெடுக்க நேரமே ஆகாது. 2019இல் ஸென் 4.12 பதிப்பில் வந்த ஆர்கோ இன்னும் ஒரு படி மேலே போய், வளையத்தை அடுத்தவருக்குத் திறக்கவே வேண்டாம், ஹைப்பர்வைசரே நகலெடுத்துப் போடட்டும் என்றது. காற்றாலைக்கு உத்தரவு போடும் இரண்டாவது வளையம் போன்ற இடங்களுக்கு எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

வளையம் நிரம்பிவிட்டால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். 64 அறை என்பது நொடிக்கு நூறு அளவீட்டுக்கு 0.64 நொடி தாங்கும். வாசல் மறுபடி தொடங்கும் நேரத்துக்கு அது காணாது. 1024 அறை, அதாவது 16 பக்கம் வைத்தால் பத்து நொடிக்கு மேல் தாங்கும். அதுவும் நிரம்பினால்? பழையதன் மேல் புதியதை எழுதலாம் என்று தோன்றும். ஆனால் அதற்குக் களம் வாசிப்பு எண்ணைத் தள்ள வேண்டும், அது களத்துக்குச் சொந்தமில்லை. புதியதைக் கைவிட்டு, எத்தனை கைவிட்டோம் என்று ஓர் எண்ணில் குறித்து வைப்பதே சரி. மறுதொடக்கத்துக்கு ஒரு தொடர் எண் வைத்துக்கொள்ளுங்கள்; யார் புதிதாக எழுந்தாலும் அது ஒன்று கூட வேண்டும், இல்லாவிட்டால் பழைய எண்களோடு புதியவர் பேசத் தொடங்கிவிடுவார்.

எழுதி முடித்ததும் சோதிக்க 497 நாள் காத்திருக்க முடியாது. இரண்டு எண்களையும் 0க்குப் பதில் 4,294,967,200 என்று தொடங்கிவிடுங்கள். முதல் நொடியிலேயே சுழன்றுவிடும். லினக்ஸ் கெர்னல் தன் கடிகார எண்ணை இப்படித்தான், இயக்கிய ஐந்து நிமிடத்தில் சுழலும்படி வைத்திருக்கிறது. அறைகளை 2ஆகக் குறைத்து ஓர் இரவு ஓடவிடுங்கள். நடுநடுவே ஹைப்பர்வைசரிடம் சொல்லி ஒரு தரப்பை நிறுத்தி நிறுத்தி எழுப்புங்கள். கையில் ஏஆர்எம் பலகை ஒன்று இருந்தால் அதிலும் ஓட்டிப் பாருங்கள். மேசைக் கணினி மறைத்துவிடுவதை அது காட்டிக்கொடுத்துவிடும்.